புறம்பேச்சுக்கு நடுவே வேலை பார்ப்பது எப்படி?

அலுவலகத்தில் தன்னைப் பற்றி அரசல் புரசலாக ஏதோ பேசப்படுகிறது என்று தெரியவந்ததும், பெரும்பாலானோர் முதலில் செய்வது அதைக் கிளப்பிவிட்டவர் யார் என்று துப்புத் துலக்குவதுதான். இந்தத் தேடலில் வாரக்கணக்கில் தூக்கம் போகிறது. ஆள் அகப்பட்டாலும் பேச்சு நிற்பதில்லை, ஏனென்றால் அதற்குள் அது பத்து வாய் மாறியிருக்கும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆகவே யாருடைய வாயையும் மூடும் உபாயத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். பேச்சு எந்த இடைவெளியில் புகுந்து வளர்கிறது என்று கண்டுபிடித்து, உங்கள் பிழைப்பைத் தீர்மானிக்கும் ஓரிருவரிடத்தில் அந்த இடைவெளியை அடைப்பது எப்படி என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

பேச்சு எங்கே முளைக்கிறது

1947இல் அமெரிக்க உளவியலாளர்களான கார்டன் ஆல்போர்ட்டும் லியோ போஸ்ட்மனும் வதந்திக்கு ஓர் எளிய கணக்கைச் சொன்னார்கள். ஒரு விஷயம் கேட்பவருக்கு எவ்வளவு முக்கியமானது, அதைப் பற்றிய தகவல் எவ்வளவு தெளிவற்றது என்ற இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதே வதந்தியின் வலு என்பது அந்தக் கணக்கு. அவர்கள் கூட்டச் சொல்லவில்லை, பெருக்கச் சொன்னார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யமாகிவிடும். ஊதிய உயர்வு அறிவிக்கப்படும் ஏப்ரல் மாதத்திலும், இடமாற்றப் பட்டியல் வரும் நாட்களிலும், ஆட்குறைப்பு நடக்கப்போவதாகச் சந்தேகம் எழும்போதும் அலுவலகப் பேச்சு சூடு பிடிப்பது இதனால்தான். சம்பளமும் பதவியும் எல்லோருக்கும் முக்கியம், அவை எப்படி முடிவாகின்றன என்பதோ யாருக்கும் தெரியாது. முக்கியத்துவத்தைக் குறைப்பது உங்கள் கையில் இல்லை. தெளிவின்மையைக் குறைப்பது ஓரளவுக்கு உங்கள் கையில் இருக்கிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் உள்ள நடுத்தரமான ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவை நினைத்துப் பாருங்கள். சில்லறைச் செலவுப் பணத்தைக் கையாண்டுவந்த பெண் ஊழியர் ஒருவர், திங்கட்கிழமை காலையில் கொள்முதல் பில்களைச் சரிபார்க்கும் இருக்கைக்கு மாற்றப்படுகிறார். பணம் புழங்கும் இருக்கையில் ஒருவரே நெடுங்காலம் இருக்கக் கூடாது என்று ஆடிட்டர் எழுதிவைத்த குறிப்புதான் காரணம். அந்தக் குறிப்பை முதலாளியும் மேலாளரும் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். சுற்றறிக்கை எதுவும் வரவில்லை. புதன்கிழமைக்குள், "கேஷ்ல கொஞ்சம் குறைஞ்சிருச்சாம், முதலாளி பெரிய மனசு பண்ணி வேலையிலேயே வச்சிருக்காராம்" என்று தையல் பிரிவு வரைக்கும் பேச்சு போய்விடுகிறது. இங்கே யாரும் திட்டமிட்டுச் சதி செய்திருக்க வேண்டியதில்லை. காரணம் சொல்லப்படாத ஒரு மாற்றம் நடந்தது. காரணத்தை ஊரார் நிரப்பிக்கொண்டார்கள்.

அலுவலகப் பேச்சு முழுவதையும் நஞ்சு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. புதிதாகச் சேர்ந்த ஒருவர், எந்த அதிகாரியிடம் எந்த நேரத்தில் விடுப்புக் கடிதத்தை நீட்டலாம் என்பதை எந்தக் கையேட்டிலிருந்தும் கற்றுக்கொள்வதில்லை, தேநீர் வேளையில் பிறர் பேசுவதைக் கேட்டுத்தான் கற்றுக்கொள்கிறார்.

கேள்விப்பட்டவுடன்

புறம்பேச்சு பெரும்பாலும் ஒரு நண்பர் மூலமாகத்தான் உங்கள் காதுக்கு வந்து சேரும். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், என் பேரை மட்டும் இழுத்துடாதீங்க" என்று தொடங்கும் அந்தச் செய்தியில், சொல்லப்பட்டது எவ்வளவு, நண்பர் கண் காது மூக்கு வைத்தது எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். பதற்றப்படாமல் அவரிடம் சில விவரங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: சொல்லப்பட்ட வார்த்தைகள் என்ன, அவரே நேரில் கேட்டாரா அல்லது இன்னொருவர் சொல்லித் தெரிந்துகொண்டாரா, அப்போது வேறு யார் யார் இருந்தார்கள், மேலதிகாரி எவருடைய காதிலாவது அது விழுந்திருக்குமா. கடைசிக் கேள்விதான் இவற்றுள் முக்கியமானது. கிளப்பியவர் பெயரைக் கேட்க மனம் துடிக்கும். ஆனால் உங்கள் அடுத்த நடவடிக்கை அந்தப் பெயரைப் பொறுத்து அதிகம் மாறப்போவதில்லை.

பிறகு அந்தப் பேச்சு எந்த வகையைச் சேர்ந்தது என்று பாருங்கள். உங்கள் உடை, உச்சரிப்பு, டிபன் பாக்ஸ், நீங்கள் யாருடனும் சேராமல் இருப்பது போன்றவற்றைப் பற்றிய கேலி என்றால் அதைக் கடந்துபோவதே நல்லது. அதற்குப் பதில் சொல்லப் புறப்பட்டால், இல்லாத எடையை நீங்களே அதற்கு ஏற்றிவிடுவீர்கள். உங்கள் நேர்மையையோ வேலைத்திறனையோ தொடும் பேச்சு, அதாவது பணம், பொய்யான மருத்துவச் சான்றிதழ், பிறர் உழைப்பைத் தன் பெயரில் காட்டியது, சிபாரிசில் பதவி வாங்கியது என்பன போன்றவை, ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை வரை போகக்கூடியவை. அவற்றை உரிய இடத்தில் தெளிவுபடுத்தியாக வேண்டும். உங்கள் உடல், ஒழுக்கம், சாதி, நோய் ஆகியவற்றைத் தொடும் பேச்சு முற்றிலும் வேறு வகை. அதற்கு நயமான உரையாடல் போதாது, எழுத்துப்பூர்வமான நடவடிக்கை தேவைப்படும். அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

இந்த வேளையில் சங்கடமான ஒரு கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பேசப்படுவதில் உண்மையின் சாயல் ஏதேனும் இருக்கிறதா? குழுவாகச் செய்த வேலையைக் கூட்டத்தில் நீங்கள் மட்டும் விளக்கி, சக ஊழியரின் பெயரைச் சொல்லாமல் விட்டிருந்தால், "அடுத்தவங்க வேலையைத் தன் பேர்ல காட்டிக்கிறார்" என்ற பேச்சுக்கு நீங்களே இடம் கொடுத்திருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால், எந்த விளக்கமும் இல்லாமலே பேச்சின் பாதி வலு போய்விடும்.

முதல் ஓரிரு நாட்களில் செய்யக் கூடாதவை

முதுகில் குத்துபவர்களைப் பற்றிய வாசகம் ஒன்றை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாக வைப்பது இன்று ஏறக்குறைய அனிச்சைச் செயலாகவே ஆகிவிட்டது. அதைப் பார்ப்பவர்களில் பாதிப்பேருக்கு அதுவரை எதுவும் தெரிந்திருக்காது, "என்னாச்சு?" என்று அவர்கள் விசாரிக்கத் தொடங்கும்போது, உங்களைப் பற்றிய பேச்சை நீங்களே புதிய வாசல்களுக்குக் கொண்டுசேர்த்தவராவீர்கள். அலுவலகக் குழுவில் "என்னைப் பற்றிப் பரப்பப்படும் பொய்" என்று நீண்ட மறுப்பு எழுதுவது இதைவிட மோசம். ஒரு கூற்று திரும்பத் திரும்பக் காதில் விழுந்தால், அது உண்மையாக இருக்கலாம் என்ற எண்ணம் வலுக்கிறது என்பதை 1977இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சோதனை மூலம் காட்டினார்கள். பின்னர் வந்த பல ஆய்வுகளும் அதை உறுதிப்படுத்தின. "நான் பணம் எடுக்கவில்லை" என்று நாற்பது பேரிடம் சொல்பவர், தன் பெயரையும் பணம் எடுத்ததையும் நாற்பது முறை சேர்த்துச் சொல்லியிருக்கிறார். சொல்ல நேர்ந்தால் குற்றச்சாட்டை மறுபடி உச்சரிக்காமல் உண்மையை மட்டும் சொல்லுங்கள்: "இருக்கை மாற்றம் ஆடிட்டர் சொன்ன சுழற்சி முறைப்படி நடந்தது."

பதிலுக்குப் புறம்பேசுவதும் வேண்டாம். தர்ம நியாயம் ஒருபுறம் இருக்க, அதில் நடைமுறை நஷ்டமும் உண்டு. ஒருவர் இன்னொருவரைப் பற்றிச் சொல்லும் குணங்கள், கேட்பவரின் மனத்தில் சொன்னவர் மீதே ஒட்டிக்கொள்கின்றன என்று 1998இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வு காட்டியது. சக ஊழியரைத் திருடர் என்று சொல்லிக்கொண்டே இருப்பவரைப் பார்க்கும்போது, திருட்டு என்ற நினைப்பு அவரோடு சேர்ந்தே வரத் தொடங்கிவிடும்.

எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்ற நினைப்புதான் இந்த நாட்களில் ஆளை வாட்டும். அதற்கு ஒரு பழைய மருந்து இருக்கிறது. 1953இல் கீத் டேவிஸ் என்ற அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியர் ஒரு நிறுவனத்துக்குள் செய்தி எந்த வழியாகப் பரவுகிறது என்று தடம் பிடித்தார். அதிகாரி ஒருவர் வேலையை விடப்போகிறார் என்ற செய்தி மற்ற நிர்வாகிகளில் 81 சதவீதம் பேருக்குத் தெரிந்திருந்தது; ஆனால் அதை அடுத்தவரிடம் சொன்னவர்கள் 11 சதவீதம் பேர் மட்டுமே. உங்கள் அலுவலகத்திலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். கேட்டவர்கள் பலர், சுமந்து சென்றவர்கள் சிலர். உங்களைக் கடந்து போகும் முகங்களில் பெரும்பாலானவை அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு மதியச் சாப்பாட்டோடு மறந்துவிட்டவை. ஆகவே உணவுக்கூடத்துக்குப் போவதை நிறுத்தாதீர்கள், வழக்கமான மேசையிலேயே வழக்கமான நேரத்தில் உட்காருங்கள். திடீரென ஒதுங்கிப்போனால், "குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்" என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிக்கப்படும்.

மேலாளரிடம் பேசுவது

நேர்மையைத் தொடும் பேச்சு என்றால், அது மேலாளரின் காதில் விழுவதற்கு முன் நீங்களே அவரிடம் சொல்லிவிடுவது உத்தமம். மேற்சொன்ன கணக்குப் பிரிவு ஊழியர் என்ன சொல்லலாம் என்று பார்ப்போம்.

"சார், ஒரு பத்து நிமிஷம் வேணும். கேஷ்ல இருந்து என்னை மாத்தினதுக்குக் காரணம் வேற ஏதோன்னு பிரிவுல பேச்சு இருக்கு. யார் சொன்னாங்கன்னு கேட்க வரலை. ஒப்படைச்ச அன்னைக்கு இருப்பு சரியா இருந்தது, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட தாள் இதோ இருக்கு. சுழற்சி முறையிலதான் மாத்தம்னு எல்லாருக்கும் ஒரு வரி மெயில் போட முடியுமா சார்?"

இதில் அழுகை இல்லை, புகார் இல்லை, பெயர் இல்லை. இவை மூன்றும் இல்லாததாலேயே மேலாளர் தற்காப்புக்குப் போகாமல் காது கொடுத்துக் கேட்பார். யார் மீதாவது நடவடிக்கை எடுக்கச் சொன்னால் அவருக்கு விசாரணை, சமாதானம், பகை என்று தலைவலிகள் வரிசையாக வரும். ஒரு வரி மின்னஞ்சல் கேட்டால் அவர் வேலை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த ஒரு வரி தெளிவின்மையை நேரடியாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிறது. உங்கள் பெயரே அந்த மின்னஞ்சலில் இல்லாமல், "ஆடிட்டரின் ஆலோசனைப்படி பணப் பொறுப்பு இனி ஆண்டுதோறும் சுழற்சி முறையில் மாற்றப்படும்" என்று பொதுவாக இருந்தால் இன்னும் சிறப்பு.

இந்த உரையாடலுக்கு உயிர் கொடுப்பது அந்தக் கையொப்பமிட்ட தாள். பணம், ஸ்டோர் சரக்கு, சாவி, கடவுச்சொல் ஆகிய எதையும் இன்னொருவரிடம் ஒப்படைக்கும்போது, தேதி, நேரம், ரூபாய் நோட்டு வாரியான எண்ணிக்கை, பதிவேட்டில் உள்ள கடைசி வவுச்சர் எண் ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிக்கொள்பவர் "நமக்குள்ள என்ன அக்கா இதெல்லாம்" என்று சிரித்தாலும் விடாதீர்கள். பேச்சு கிளம்பிய பிறகு இதைத் தயாரிக்க முடியாது.

பேச்சைக் கிளப்பியவரே மேலாளராக இருந்தால் என்ன செய்வது? பெரிய நிறுவனம் என்றால் மனிதவளப் பிரிவு இருக்கிறது. அங்கே எழுத்தில் செல்வதே முறை. மனிதவளப் பிரிவு நிர்வாகத்தின் அங்கம் என்பதை மறந்து, அங்கே மனம்விட்டுக் கொட்டித் தீர்ப்பவர்கள் பின்னால் வருந்துகிறார்கள். நடந்தது, தேதி, நீங்கள் கேட்கும் நிவாரணம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குடும்பத்தார் நடத்தும் சிறு நிறுவனங்களில் மனிதவளப் பிரிவு என்ற ஒன்றே பெரும்பாலும் இருக்காது. மேலாளர் முதலாளியின் மைத்துனராகவும் இருக்கலாம். அத்தகைய இடங்களில், எழுதிக் கொடுக்கும் மனுவைவிட, முதலாளி மதிக்கும் மூத்த ஊழியர் ஒருவர் தக்க சமயம் பார்த்துச் சொல்லும் வார்த்தைக்கே மதிப்பு அதிகம். இது நியாயமான ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை, நடப்பு இதுதான். தொழிற்சங்கம் இருக்கும் இடத்தில் அதன் நிர்வாகி இந்தப் பொறுப்பை ஏற்பார்.

பேசியவரிடமே பேசுவது

சுமந்து சென்றவர் யார் என்பது ஐயமின்றித் தெரிந்து, அவர் உங்களுக்குச் சமமான நிலையில் இருப்பவராகவும் இருந்தால், தனியாகச் சந்தித்துப் பேசுவது பலன் தரும். நாலு பேர் முன்னால் கேட்டால் அவருக்குத் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலை வந்துவிடும்; பின்வாங்க வழி இருக்காது. "அண்ணா, கேஷ் விஷயமா உங்க பேரைச் சொல்லி ஒரு பேச்சு என் காதுக்கு வந்தது. நீங்க சொன்னீங்களான்னு நான் கேட்கலை. சந்தேகம் இருந்தா என்கிட்டயே கேளுங்க, தாளைக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்கு மாறிவிடுங்கள். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்பார். ஒப்புக்கொள்ளட்டும் என்று விடாப்பிடியாக நிற்க வேண்டாம். செய்தி உங்கள் காது வரைக்கும் வருகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அதுவே போதும்.

ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சிலும், பேசியவர் உங்களுக்கு மேலதிகாரியாக இருக்கும்போதும் இந்த முறையைக் கையாளக் கூடாது.

பக்கத்தில் இருந்து கேட்பவர் என்ன செய்யலாம்

புறம்பேச்சுக்கு ஆளானவரைவிட, அதைப் பக்கத்தில் இருந்து கேட்பவருக்கே அதைத் திருப்பும் சக்தி அதிகம். டோனா ஈடர், ஜேனட் எங்கி ஆகிய இரு சமூகவியலாளர்கள் பள்ளி மாணவர்களின் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்து 1991இல் வெளியிட்ட கட்டுரை இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. ஒருவர் இன்னொருவரைப் பற்றிக் குறைசொன்னதும் அடுத்து வாய் திறப்பவர் அதை ஆமோதித்துவிட்டால், பிறகு மறுத்துப் பேச யாரும் துணிவதில்லை. எல்லோரும் அதே திசையில் போகிறார்கள். அந்த இரண்டாவது வாக்கியம் ஆட்சேபமாக அமைந்துவிட்டால் பேச்சு தடம் மாறுகிறது. பெரியவர்களின் அலுவலகமும் இந்த விஷயத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து அதிகம் வேறுபட்டதில்லை என்பதே என் எண்ணம்.

ஆகவே தாமதிக்காமல், மெல்லிய குரலில், ஒரே வரியில் குறுக்கிட வேண்டும். "எனக்குத் தெரிஞ்சு அது ஆடிட்டர் சொன்ன மாத்தம்" என்பது போதும். விவரம் தெரியாவிட்டால், "அவங்க வரட்டும், அவங்ககிட்டயே கேட்டுருவோமே" என்று சொல்லலாம். நீதி போதனை வேண்டாம். "புறம் பேசறது தப்பு" என்று தொடங்கினால் அடுத்த வேளை பேச்சு உங்களைப் பற்றியதாகிவிடும். ஒன்றும் சொல்லாமல் சிரித்துவைப்பது நடுநிலை என்று பலர் நினைக்கிறார்கள். பேசுபவர் அந்தச் சிரிப்பை ஆமோதிப்பாகவே எடுத்துக்கொள்கிறார்; நாளைக்கு "அவரும்தான் சொன்னார்" என்று உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்வார்.

எழுத்தில் போக வேண்டிய நேரம்

இரவுப் பணி முடிந்து ஒரே வாடகைக் காரில் வந்திறங்கிய இருவரை இணைத்துப் பேசுவது, பெண் ஒருவரின் பதவி உயர்வுக்கு அதிகாரியோடுள்ள நெருக்கமே காரணம் என்று கிசுகிசுப்பது ஆகியவை நம் அலுவலகங்களில் அன்றாடம் நடப்பவை. இவற்றை வெறும் வம்பு என்று சட்டம் தள்ளிவிடுவதில்லை. பணியிடங்களில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், விரும்பத்தகாத பாலியல் சாயல் கொண்ட பேச்சுகளையும் துன்புறுத்தலுக்குள் அடக்குகிறது. அத்தகைய நடத்தையோடு சேர்ந்து பகைமை நிறைந்த பணிச்சூழலை உருவாக்குவதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவானவர்கள் உள்ள இடமானாலும், புகாரே முதலாளி மீதானாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவை அணுகலாம்.

இங்கே காலக்கெடு முக்கியம். சம்பவம் நடந்த 3 மாதங்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டித்துத் தரலாம். எழுத இயலாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. புகாரோடு சான்று ஆவணங்களையும் சாட்சிகளின் பெயர், முகவரிகளையும் சேர்த்து 6 பிரதிகள் தர வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். விசாரணை நடக்கும்போது தன்னையோ எதிர்த்தரப்பையோ இடமாற்றும்படியும், 3 மாதம் வரை விடுப்புத் தரும்படியும் எழுத்தில் கேட்க உரிமை உண்டு. புகார் தந்தவரின் பெயரும் விவரங்களும் வெளியே கசியக் கூடாது. நிரூபிக்க முடியாமல் போனால் பொய்ப்புகார் என்று தண்டித்துவிடுவார்களோ என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. நிரூபிக்க இயலாமை மட்டுமே பொய்ப்புகார் ஆகாது என்று சட்டமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. திருநர் ஊழியர்களைப் பொறுத்தவரை, 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு நிறுவனமும் தனியே ஒரு புகார் அலுவலரை நியமித்திருக்க வேண்டும்.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் 1989ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது பொதுப்பார்வைக்கு உட்பட்ட இடத்தில் வேண்டுமென்றே அவமதிப்பதைப் பற்றிப் பேசுகிறது. முதுகுக்குப் பின்னால் நடந்த பேச்சு அதற்குள் அடங்குமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே அடியெடுத்து வைக்க வேண்டும்.

அரசு அலுவலகங்களில் புறம்பேச்சு மொட்டைக் கடிதமாக உருவெடுக்கும். பெயரில்லாத, பொய்ப்பெயரிட்ட புகார்களின் மீது நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999இலேயே மத்திய அரசுத் துறைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. மாநிலத் துறைகளில் அந்தந்தத் துறையின் நடைமுறையைப் பார்க்க வேண்டும். எப்படியிருந்தாலும், அத்தகைய கடிதத்தின் பேரில் உங்களிடம் விளக்கம் கேட்டால், கடிதத்தின் நகலை எழுத்தில் கேட்டுப் பெற்று, அதில் உள்ள குற்றச்சாட்டுகளுக்கு மட்டும் ஆவணத்தோடு பதில் தாருங்கள். கையெழுத்தைப் பார்த்து ஆளை ஊகித்து, அந்த ஊகத்தைப் பதிலில் எழுதிவிடுவது பலரைச் சிக்கலில் மாட்டிவிட்ட தவறு.

அவதூறு வழக்குப் போடலாமா என்ற கேள்வியும் எழும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356ஆவது பிரிவு அவதூறைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. 2 ஆண்டு வரை வெறுங்காவல், அபராதம், சமுதாயப் பணி ஆகியவை தண்டனைகள். இழப்பீடு கோரும் உரிமையியல் வழக்கு என்றால் ஓராண்டுக்குள் தொடுக்க வேண்டும். உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கப்படும் புகார் அவதூறாகாது என்ற விதிவிலக்கும் உண்டு. என் கருத்தில், அதே அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே வழக்குப் போடுவது அநேகமாக வீண். உணவுக்கூடத்தோடு முடிந்திருக்க வேண்டிய பேச்சை வழக்கறிஞர் நோட்டீஸ் நிரந்தர ஆவணமாக்கிவிடும். வேலையை விட்ட பிறகும் பழைய அலுவலகத்தார் உங்களைத் திருடர் என்று புதிய நிறுவனங்களுக்குச் சொல்லி வேலை கிடைக்காமல் செய்தால் அது வேறு கதை.

குறிப்பேடும் உடம்பும்

எந்த வழியில் சென்றாலும் பயன்படப்போவது நீங்கள் அன்றன்று எழுதிவைத்த குறிப்பு. தேதி, நேரம், இடம், சொல்லப்பட்ட வார்த்தைகள், உடனிருந்தவர்கள், அதனால் விளைந்தது என்ன என்று எழுதுங்கள். "எல்லோரும் கேவலமாகப் பேசுகிறார்கள்" என்ற வரி யாருக்கும் உதவாது. "மாலை 4.15, ஜெராக்ஸ் அறை, 'இவங்க கையில இனி கேஷ் கொடுக்க மாட்டாங்க' என்று சொன்னது நேரில் கேட்டது, உடன் பேக்கிங் சூப்பர்வைசர் இருந்தார்" என்ற வரி உதவும். இந்தக் குறிப்பை அலுவலகக் கணினியிலோ அலுவலக மின்னஞ்சலிலோ வைக்காதீர்கள். கணக்கு முடக்கப்படும் நாளில் அதுவும் போய்விடும். வாட்ஸ்அப் செய்தியானால், அனுப்பியவரின் எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அனுப்பியவர் பின்னர் அதை நீக்கிவிடக்கூடும்.

வீட்டில் ஒவ்வோர் இரவும் இதையே பேசாதீர்கள். வெளியில் இருப்பவர்களில் நிதானமான ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரிடம் மட்டும் சொல்லுங்கள். கேட்பவர் எவ்வளவு கொதித்தெழுகிறாரோ அவ்வளவு உங்கள் தூக்கம் கெடும். சாப்பாடு இறங்காமல், காலையில் அலுவலகம் என்றாலே நெஞ்சு படபடக்கும் நிலை சில வாரங்கள் நீடித்தால், 14416 என்ற இலவச எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம். மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. துன்புறுத்தலை எதிர்கொள்ளும் பெண்களுக்கு 181 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

வேலையை விட்டுவிடலாமா என்று முடிவெடுக்க நான் ஓர் அளவுகோலைப் பரிந்துரைப்பேன். பேச்சு வாயளவில் இருக்கும் வரை பொறுத்துப் பார்க்கலாம். அது காகிதத்தில் ஏறி, மெமோவாகவோ ஆண்டு மதிப்பீட்டில் ஒரு வரியாகவோ வந்து, நீங்கள் ஆவணத்தோடு எழுத்தில் ஆட்சேபித்த பிறகும் நிர்வாகம் திருத்த மறுத்தால், வேறு வேலை தேடத் தொடங்க வேண்டியதுதான். கோபத்தில் அன்றைக்கே ராஜினாமா கடிதத்தை வீசிவிட்டு வரக் கூடாது. அடுத்த வேலைக்கான நியமன ஆணை கைக்கு வந்த பிறகு, நோட்டீஸ் காலத்தை முழுமையாக வேலை செய்து முடியுங்கள். பொறுப்புகளை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கி, பணியிலிருந்து விடுவித்த கடிதம், அனுபவச் சான்றிதழ், கடைசி மூன்று மாதச் சம்பளப் பட்டியல் ஆகியவற்றைப் பெற்று, வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் விலகிய தேதி சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். விலகல் நேர்காணலில் காரணம் கேட்பார்கள். "இருக்கை மாற்றத்தின் காரணத்தைப் பிரிவினருக்குத் தெரிவிக்கும்படி இந்தத் தேதியில் எழுத்தில் கேட்டேன், பதில் வரவில்லை" என்று நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்திட்டு, அதன் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.